கை படாத ஏற்றம்

கூட்டத்தோடு சேர்ந்து ஓட்டும் பந்தயங்களில் என் வீட்டுக்காரர் யாகூப் ஒரு தடவைகூட ஜெயித்தது கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மதுரையிலும் திருச்சியிலும் நாற்பது பேர் ஒன்றாகக் கிளம்பி முட்டி மோதிக்கொண்டு ஓட்டுவார்கள். பக்கத்தில் எவனாவது முழங்கையை நீட்டினால் போதும், இவர் "போங்க தம்பி" என்று வழிவிட்டு ஒதுங்கிவிடுவார். கோயம்புத்தூரில் ஒருமுறை முன்னால் போனவனுக்குச் செயின் கழன்றுவிட்டதென்று இறங்கி மாட்டிக் கொடுத்துவிட்டுக் கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். பந்தயத்தில் மரியாதை பார்க்கிற ஆளை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

அதே மனிதரைத் தனியாக ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். டைம் டிரையல் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்புவார்கள். கிளம்பின நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, யார் குறைந்த நேரத்தில் ஓட்டினாரோ அவருக்குப் பரிசு கொடுப்பார்கள். கொடைக்கானல் பஜாரில் நாங்கள் அதை ஒத்தை ஓட்டம் என்போம். ஒத்தை ஓட்டத்தில் வழிவிடுவதற்கு ஆள் கிடையாது, செயின் மாட்டிக் கொடுக்க ஆள் கிடையாது. ரோடும் இவரும்தான். அப்போது என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கிற வெறியைப் பார்த்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பெங்களூரில் ஜெயித்தார், சென்னைப் பட்டணத்தில் இரண்டு தடவை ஜெயித்தார். எங்கள் மளிகைக்கடையில் எண்ணெய் டின்களுக்கு மேலே வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். கடைக்கு வருகிறவர்கள் கேட்காவிட்டால் நானே சொல்லிவிடுவேன்.

இந்தத் தனி ஓட்டம் அவருக்கு ரொட்டி சுமந்ததால் வந்தது. கல்யாணமான புதிதில் கொடைக்கானல் பேக்கரியிலிருந்து ரொட்டிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பெருமாள்மலைக்கும் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளுக்கும் போய்வருவார். காலையில் இறக்கம், மத்தியானம் ஏற்றம், துணைக்கு மூடுபனி மட்டும்தான். மதுரை சைக்கிள் கம்பெனி மேனேஜர் சேனாதிபதி ஒருநாள் குடும்பத்தோடு மலையேறி வந்தபோது அவருடைய கார் கொதித்து நின்றுவிட்டது. ஓரமாக நின்று அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, ஏற்றத்தில் ஒருவர் உட்கார்ந்தபடியே சைக்கிளை மிதித்துக்கொண்டு போவதைப் பார்த்தார். காரைக் கிளப்பி அவரை எட்டிப்பிடிப்பதற்குள் கொடைக்கானலே வந்துவிட்டதாம். அடுத்த மாதமே கம்பெனி அணியில் சேர்த்துக்கொண்டார். மாதச் சம்பளம், பந்தயச் செலவு, முதுகில் கம்பெனிப் பெயர் போட்ட சிவப்புச் சட்டை எல்லாம் கிடைத்தன.

பழனி பஜாரில் கடை வைத்திருந்த என் அத்தாவுக்கு இது கடைசிவரைக்கும் புரியவில்லை. "மருமகன் என்ன சோலி பாக்குறாருன்னு கேக்குறாக. சைக்கிள் ஓட்டுறாருன்னு சொன்னா, எங்க ஓட்டிட்டுப் போறாருன்னு கேக்குறாக. நான் என்னத்தம்மா சொல்ல?" என்பார். முதல் கோப்பையைக் கொண்டுபோய்க் காட்டின பிறகு அந்தக் கேள்வி நின்றது. அதற்கப்புறம் அவரே பஜார் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இவ்வளவு பெருமை இருந்தும் ஒன்று மட்டும் கைக்கு வரவில்லை. வத்தலக்குண்டில் தொடங்கிக் கொடைக்கானல் ஏரியில் முடிகிற மலை ஓட்டம். சொந்த ரோடு. ரொட்டி சுமந்த ரோடு. ஆனால் ஒரு வருஷம் டயர் வெடிக்கும், ஒரு வருஷம் காய்ச்சல் வரும். அறுபத்தொன்றாம் வருஷம் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னால் சேனாதிபதி கடைக்கே வந்து உட்கார்ந்தார். டீயைக் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி பேசினார்.

"யாகூப், உங்களுக்கு வயசு முப்பத்தாறு ஆகுது. மொதலாளி இளவட்டமா ரெண்டு பேரை எடுத்து வச்சுருக்காரு. மலை ஓட்டத்துல நீங்க மொதல்ல வந்தா நான் பேசிக்குவேன். வரலைன்னா சட்டையைத் திருப்பிக் குடுக்க வேண்டியதாயிரும். தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல தப்பு என்னங்க இருக்கு. ஓட்டுறேன்" என்றார் இவர். எனக்குத்தான் டீ கிளாஸைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

மலை ஓட்டம் நடக்கிற அன்று நான் ஏரிக்குப் போக மாட்டேன். மூட்டை வளைவில்தான் நிற்பேன். பெருமாள்மலைக்கு மேலே, ரோடு திடீரென்று தூக்கிக்கொண்டு திரும்புகிற இடம் அது. மற்ற இடங்களில் அவர் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. அந்த வளைவில் மட்டும் எப்பேர்ப்பட்டவனும் மெதுவாகத்தான் ஏற முடியும். அவர் முகத்தை நன்றாகப் பார்க்கலாம் என்றுதான் அங்கே நிற்பேன்.

அந்த வளைவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோட்டங்களிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தலைச்சுமையாகவும் கைவண்டியிலும் கொண்டுவருகிறவர்கள் அந்த ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்றுவிடுவார்கள். பழைய லாரிகளும் அங்கேதான் நிற்கும். அப்போது அந்தப் பக்கம் போகிறவர் யாராக இருந்தாலும் கை கொடுக்க வேண்டும். பஸ் பயணிகள் இறங்கி லாரியைத் தள்ளுவார்கள். பாதிரியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கைவண்டியைத் தள்ளியதை நானே பார்த்திருக்கிறேன். தள்ளச் சொல்லி யாரும் கேட்பதில்லை. தள்ளியதற்கு நன்றி சொல்வதும் இல்லை. "வேணாம், நானே ஏத்திக்கிறேன்" என்று வாய்க்குச் சொல்வார்கள், அதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தள்ளிக் கொடுப்பதுதான் அங்கே மரியாதை.

அந்த வளைவின் ராணி கந்தம்மாக்கா. சுமை தூக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. லாரி டிரைவர்கள் அவள் குரல் கேட்டால் பீடியை அணைத்துவிடுவார்கள். எங்கள் கடையில்தான் அரிசி பருப்பு வாங்குவாள். என் வீட்டுக்காரர் ரொட்டி சுமந்த காலத்திலிருந்தே அவரைக் கூடப்பிறந்த தம்பி மாதிரி வைத்துக்கொள்வாள். இந்த ஒத்தை ஓட்டத்தை மட்டும் அவள் மதித்ததே இல்லை.

"எதிராளி இல்லாம என்ன தாயி பந்தயம்? அந்தப் பயலுகளை ஒண்ணா விட்டா யாகூபுத் தம்பி முந்திற மாட்டாரா?" என்று அன்று காலையிலும் கேட்டாள்.

"முந்த மாட்டாருக்கா. வழிவிட்டுருவாரு" என்றேன். அவளோடு நின்ற பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பந்தயம் நடத்துகிறவர்கள் நிறுத்தி வைத்திருந்த ஆட்கள் பெருமாள்மலையிலும் வெள்ளி அருவியிலும் இருந்தார்கள். மூட்டை வளைவில் ஒருவரும் இல்லை. முதலில் இரண்டு இளவட்டங்கள் சட்டை நனைய ஏறிப்போனார்கள். வெளியூர்க்காரர்கள் என்பதால் பெண்கள் கூச்சப்பட்டு வேடிக்கை பார்த்ததோடு சரி. மூன்றாவதாக இவருடைய சிவப்புச் சட்டை தெரிந்தது.

அவர் நன்றாகத்தான் வந்தார். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த வருஷம் இவருடையதுதான் என்று. ஏற்றம் தூக்குகிற இடத்தில் வேகம் குறைந்து சைக்கிள் கொஞ்சம் ஆடியது. எல்லாருக்கும் அங்கே ஆடும். ஆனால் அவர் பல்லைக் கடிப்பதைக் கந்தம்மாக்கா பார்த்துவிட்டாள். சுமையைச் சுமைதாங்கிக் கல்லில் இறக்கி வைத்துவிட்டு ஓடினாள்.

"ஏலே, தம்பி தவிக்குதுல்ல! வாங்கடி!"

நான் கத்துவதற்குள் அவள் கை அவர் முதுகில் இருந்தது. அவளுக்குப் பின்னால் நாலு பெண்கள் சீட்டையும் பின்பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டார்கள்.

"வேணாம்க்கா! விடுங்க! தொடாதீங்க!" என்று அவர் அலறினார்.

வேண்டாம் என்றால் அந்த வளைவில் என்ன அர்த்தமோ அதைத்தான் அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். இன்னும் வேகமாகத் தள்ளினார்கள். கிழங்கு மூட்டை தூக்குகிற கைகள் அவை. கண் மூடித் திறப்பதற்குள் அவரை வளைவைத் தாண்டிச் சமதளத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சந்தோஷமாகச் சிரித்தார்கள்.

ஒத்தை ஓட்டத்தில் யார் கையும் படக்கூடாது. பட்டால் அந்த ஓட்டம் கணக்கில் சேராது. ஆனால் பார்த்த அதிகாரி ஒருவரும் இல்லை. அப்படியே மிதித்துக்கொண்டு போயிருந்தால் அன்றைக்குக் கோப்பையும் அவருக்குத்தான், சட்டையும் அவருக்குத்தான். நான்கூட "போங்க, போங்க" என்று கையைக் காட்டினேன். மறைப்பானேன்?

அவர் நின்றார். ஒரு காலை ஊன்றிச் சைக்கிளைத் திருப்பினார். இறக்கத்தில் எங்களைத் தாண்டிப் போனார். சுமைதாங்கிக் கல்லுக்கும் கீழே, அவர்கள் கை வைத்த இடத்துக்கும் கீழே போய், மறுபடியும் திருப்பிக்கொண்டு ஏற ஆரம்பித்தார். இறங்கிய வேகமெல்லாம் போய், நின்ற இடத்திலிருந்து அந்த ஏற்றத்தை எடுப்பதென்றால் உயிர் போய் உயிர் வரும்.

கந்தம்மாக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தள்ளியது போதவில்லை போல என்று நினைத்து மறுபடியும் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

"அக்கா, தொட்டா நான் தோத்தேன்" என்றார் அவர், மூச்சுக்கு நடுவில்.

அவள் நீட்டின கை நீட்டினபடியே நின்றது. அவர் அதைக் கடந்து தனியாக ஏறிப்போனார்.

இரண்டாவதாக வந்தார். ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரம்தான் வித்தியாசமாம். என்ன ஆச்சு என்று சேனாதிபதி கேட்டதற்கு, "ஏத்தத்துல கொஞ்சம் தாமசமாயிருச்சுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். நான் வீட்டில் குதித்தேன்.

"எவன் பாத்தான்? ஒரு ஈ காக்கா இல்லையே அங்க! உங்களை யாரு திரும்பச் சொன்னா?"

"ஒத்தை ஓட்டம்னா ஒத்தையாத்தானே ஏறணும், ரஹ்மத்து. பின்னாடி அஞ்சு பொம்பளைங்க தள்ளுனா அது ஆறு பேர் ஓட்டம்ல" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்தச் சிவப்புச் சட்டையைத் துவைத்து, பெட்டி போட்டு, மடித்துக் கொடுத்தேன். கம்பெனிக்காரன் வாங்கிப் பிரிக்கும்போது எங்கள் வீட்டுச் சுத்தம் தெரிய வேண்டும் என்பதில் நான் குறியாக இருந்தேன்.

அடுத்த வாரம் கந்தம்மாக்கா அரிசி வாங்க வந்தாள். தம்பிக்கு என்ன பரிசு என்று கேட்டாள். நான் மறைத்து வைத்துக்கொள்ளவில்லை. பந்தயச் சட்டம் என்னவென்று சொன்னேன், சட்டை திரும்பிப்போனதையும் சொன்னேன், எந்தக் கைகளால் போனது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவர் என்னைக் கடிந்துகொண்டார். இருந்திருக்கலாம்தான், ஆனால் அது என் சுபாவம் இல்லை. கந்தம்மாக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரிசிப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் மறுபடியும் ரொட்டிப் பெட்டியைக் கட்டினார். பஜாரில் பரிதாபப்பட வந்தவர்களை நான் பக்கத்தில் சேர்க்கவில்லை. பெங்களூரில் பரிசாக வந்த பந்தய சைக்கிள் சொந்தமாக வீட்டில் இருந்தது. ரொட்டி போட்டு முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு மலையில் இறங்கி ஏறுவார். கம்பெனி இல்லாதவர்களும் தனி ஆளாக மலை ஓட்டத்தில் சேரலாம் என்று விசாரித்து வைத்திருந்தார். அறுபத்திரண்டில் பேர் கொடுத்தார்.

சட்டைக்கு நான் வெள்ளைத் துணி எடுத்து நானே தைத்தேன். முதுகில் என்ன பேர் போடலாம் என்று கேட்டேன். கடை பேர் போடுவோமா, ஊர் பேர் போடுவோமா என்றேன்.

"ஒண்ணும் வேணாம். முதுகு வெறுமனே கெடக்கட்டும்" என்றார்.

பந்தயத்தன்று விடியக்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு அவர் வத்தலக்குண்டுக்கு லாரியில் இறங்கினார். நான் பெருமாள்மலை பஸ்ஸில் மூட்டை வளைவுக்குப் போனேன். கந்தம்மாக்கா அந்த ஒரு வருஷமாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. வளைவில் யார் நிற்பார்கள், என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை கை பட்டால் அவருக்குத் திரும்பி ஏற உடம்பில் தெம்பு இருக்குமா என்றும் தெரியாது.

வளைவில் ஒரு கூட்டமே நின்றது. சுமைக்காரப் பெண்கள், தோட்டத்து ஆட்கள், பந்தயத்துக்காக நிறுத்தி வைத்திருந்த பஸ்ஸிலிருந்து இறங்கிய பயணிகள், ஒரு போலீஸ்காரர். ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். எல்லாருடைய கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. சுமைக்காரப் பெண்கள் தலையில் சும்மாடு கட்டுகிற துணியால் ஒருத்தி கையை ஒருத்தி பின்னால் கட்டிவிட்டிருந்தார்கள். கந்தம்மாக்கா கையில் இருந்த கட்டுதான் எல்லாவற்றிலும் இறுக்கம்.

"என்னக்கா இது?" என்றேன்.

"இந்தக் கைக்குச் சொன்னா புரியாது தாயி. ஏத்தத்துல ஆளைக் கண்டா தானா நீளும். அதான் கட்டிப் போட்டுட்டேன்" என்றாள். பிறகு பஸ்காரர்கள் பக்கம் திரும்பி, "யோவ் கண்ணாடி, கையை எதுக்குய்யா முன்னாடி கொண்டாரே? பின்னாடி கட்டு!" என்று அதட்டினாள். கண்ணாடி போட்ட மதுரைப் பெரிய மனிதர் ஒருவர் அவசரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். போலீஸ்காரர் ஏற்கெனவே கட்டியிருந்தார்.

கம்பெனி இளவட்டங்கள் முதலில் வந்தார்கள். யார் கையும் நீளவில்லை. கம்பெனி இல்லாத தனி ஆட்களைப் பின்னால்தான் கிளப்பிவிடுவார்கள். வெகு நேரம் கழித்துக் கீழ் வளைவில் வெள்ளைச் சட்டை தெரிந்தது.

ஏற்றம் தூக்குகிற இடத்தில் அவர் முகம் சாம்பலாக இருந்தது. கீழே எங்கோ எதிர்க்காற்றில் மாட்டியிருக்கிறார். சைக்கிள் ஆடியது. அந்தச் சுமைதாங்கிக் கல்லுக்கு நேராக, போன வருஷம் கை விழுந்த அதே இடத்தில், சக்கரம் ஏறக்குறைய நின்றேவிட்டது. எனக்கு அல்லாஹ் என்ற வார்த்தையைத் தவிர ஒன்றும் வரவில்லை. கந்தம்மாக்காவின் தோள் இரண்டும் துடித்தன. கட்டின துணி மணிக்கட்டில் பதிந்து சிவந்தது.

கையைத்தான் கட்டியிருந்தார்கள். வாயை யாரும் கட்டவில்லை.

"ஏறு யாகூபு!" என்று அவள் போட்ட சத்தம் பள்ளத்தில் போய்த் திரும்பி வந்தது. "தனியா ஏறுய்யா! யாரும் தொட மாட்டோம், ஏறு!"

கூட்டம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. போலீஸ்காரர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். என் வீட்டுக்காரர் சீட்டிலிருந்து எழுந்தார். ஒரு மிதி, இன்னொரு மிதி. முன்சக்கரம் நேரானது. கட்டின கைகளுக்கு நடுவே, வெறும் வெள்ளை முதுகோடு, அவர் அந்த ஏற்றத்தைத் தனியாக ஏறி வளைவில் மறைந்தார். அவர் மறைந்த பிறகும் ஒருவரும் கையை அவிழ்க்கவில்லை. இன்னும் ஆட்கள் வர வேண்டியிருந்தது.

மத்தியானம் இறங்கி வந்த பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினார். "நம்ம ரொட்டிக்காரர்தான் மொதல்! கம்பெனிக்காரனுக எல்லாம் பின்னால!" அந்தப் பெண்கள் போட்ட குலவையை நான் இன்றைக்கும் கேட்கிறேன். கந்தம்மாக்காவின் கட்டு இறுகிப்போய் அவிழவே இல்லை. நான்தான் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அவள் என் தலையில் கையை வைத்து அழுத்தினாள். அதோடு எங்கள் சண்டை தீர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அவரே இறங்கி வந்தார். ஏரியில் மாலை போட்டு உட்கார வைத்தவர்களை விட்டுவிட்டு, பின்னாலேயே காரில் சேனாதிபதி புதுச் சிவப்புச் சட்டையோடு துரத்திக்கொண்டு வர, நேராக மூட்டை வளைவுக்கு வந்தார். சுமைதாங்கிக் கல்லுக்குக் கீழே வரைக்கும் போய்ச் சைக்கிளை மேல்பக்கமாகத் திருப்பினார். மிதிகளிலிருந்து காலை எடுத்துத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா, போன வருஷம் பாதியிலேயே நிறுத்திட்டேன்ல. இப்பத் தள்ளுங்க."

கந்தம்மாக்கா கிழங்கு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஓடினாள். எல்லாரும் ஓடினோம். முதுகில் இடம் போதாமல் ஒருவர் கைமேல் ஒருவர் கை வைத்துத் தள்ளினோம். சேனாதிபதி காரை ஓரங்கட்டிவிட்டு வந்து, சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் ஒரு கை வைத்தார். என் வீட்டுக்காரர் ஒரு மிதிகூட மிதிக்கவில்லை. கொடைக்கானல் பஜார் வரைக்கும் அப்படியே ஏற்றிக்கொண்டு போனோம்.

அதற்கப்புறம் நாலு வருஷம் கம்பெனிக்கு ஓட்டினார். எல்லா ஊரிலும் சிவப்புச் சட்டைதான் போட்டார். மலை ஓட்டத்துக்கு மட்டும் வெள்ளைதான் என்று முதலிலேயே சொல்லித்தான் சேர்ந்தார். அதற்கென்று வருஷம் ஒன்றாகப் புதிதாக நான் தைத்துக் கொடுத்தேன்.

அந்த முதல் வெள்ளைச் சட்டை கடையில் கோப்பைகளுக்கு நடுவே தொங்குகிறது. முதுகு முழுக்கக் கிழங்குத் தோட்டத்து மண்ணில் பதிந்த கைகள், ஒன்றின் மேல் ஒன்றாக. இதை ஏன் துவைக்காமல் வைத்திருக்கிறாய் என்று கேட்கிறவர்களுக்கு முதலில் கோப்பைகளைக் காட்டுவேன். பிறகு சட்டையைக் காட்டி, அதில் எது கந்தம்மாக்கா கை, எது என் கை என்று தொட்டுக் காட்டுவேன்.